வெல்லத்தின் எடை

மயக்க மருந்து கொடுத்தால் ஆள் தூங்கிவிடுவார் என்று ஊரும் உலகமும் நம்பிக்கொண்டிருக்கிறது. இது தவறு, சாதாரணத் தவறல்ல, மனிதகுலம் கூடிப் பேசித் தீர்மானம் போட்டுத் திருத்திக்கொள்ள வேண்டிய தவறு. தூங்குகிறவரைத் தட்டினால் எழுந்துகொள்வார். மூச்சு அடைத்தால் தானாகப் புரண்டு படுப்பார், கொசு கடித்தால் கையை வீசுவார், தாகமெடுத்தால் கண்ணைத் திறக்காமலே தண்ணீர்ச் செம்பைத் துழாவுவார். மயக்கத்தில் இருக்கிறவர் இதில் எதையும் செய்ய மாட்டார். எல்லாவற்றையும் அவருக்காக இன்னொருவர் செய்ய வேண்டும். இந்த உண்மை எனக்கு நேற்றுச் சாயங்காலம்தான் தெரியவந்தது என்பதும், அதுவரை நானும் தூக்கம் என்றே நினைத்திருந்தேன் என்பதும் உண்மையின் தரத்தைக் குறைத்துவிடாது. சொன்னவர் டாக்டர் கிரேஸ்லின், மயக்க மருந்து டாக்டர், நெற்றியில் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பேசுகிறவர். "தூங்க வைக்கப்போறோம்னு பிள்ளைகிட்ட சொல்லிராதீங்க சார், அப்புறம் வீட்டுக்கு வந்து ராத்திரி தூங்கவே பயப்படும். நாங்க குடுக்கிறது தூக்கம் இல்ல. அதனாலதான் அவ தலைமாட்டை விட்டு நான் எந்திரிக்கவே மாட்டேன். பாத்ரூம்கூட முன்னாடியே போயிட்டு வந்துருவேன்." பிரமு அந்த நேரத்திலும் சிரித்துவிட்டாள். என் மனைவி சிரித்து ஒரு வாரம் ஆகியிருந்தது. ஆனால் நான் மகளிடம் ஏற்கெனவே சொல்லிவிட்டிருந்தேன், டாக்டர் சொல்வதற்கு முன்னாலேயே, உன்னைத் தூங்க வைப்பாங்க செம்பா, முழிச்சா தொண்டை சரியாயிருக்கும் என்று. இன்று காலை நர்ஸ் ஷகிலா அவளைத் தூக்கிக்கொண்டு இந்த ஆபரேஷன் தியேட்டர் கதவுக்குள் போகும்போது அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து, "அப்பா, நான் தூங்க மாட்டேன். சும்மா கண்ணை மட்டும் மூடிக்குவேன்" என்றாள். நாலரை வயது. டான்சில் வீங்கி இரண்டும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நிற்கிறது. இரவில் குறட்டை விடுவாள், சின்ன உடம்பிலிருந்து ஒரு லாரியின் குறட்டை, பிறகு திடீரென்று ஒன்றுமே இருக்காது, நான் எழுந்து உட்காருவேன், பிரமுவும் எழுந்து உட்காருவாள், இருட்டில் இரண்டு பேரும் ஒரு மூச்சுக்காகக் காத்திருப்போம், பிறகு ஒரு பெரிய இழுப்பு, லாரி மறுபடி கிளம்பும். அவளிடம் போய்த் தூங்குவாய் என்று நான் சொன்னேன். கதவுக்கு மேலே ஒரு சிவப்பு விளக்கு இருக்கிறது. அது எரிந்தால் உள்ளே ஆரம்பித்துவிட்டார்கள் என்று பொருளாம். இன்னும் எரியவில்லை.

நீல நாற்காலி, இரும்பில் ஊன்றிய மூன்று நாற்காலிகளில் நடுவில் நான், வலது பக்கம் பிரமு, இடது பக்கம் அவள் தம்பி நெல்லையப்பன். பிரமு கையில் பிள்ளையின் கொலுசு. கழற்றிக் கொடுத்துவிட்டார்கள். அது சத்தம் போடாமல் இருக்க வேண்டும் என்று இறுக்கிப் பிடித்திருக்கிறாள். நெல்லையப்பன் யாரிடமோ போனில், "ஆமா, உள்ள கொண்டு போயிட்டாவ. எனக்கு ஒண்ணும் பயமில்ல. மாமன்காரன் துலாபாரம் குடுத்திருக்கேன்லா, பதினெட்டுக் கிலோ, சும்மாவா" என்கிறான். பதினெட்டு. இந்த எண் காலையிலிருந்து செருப்புக்குள் புகுந்த மணலைப் போல உறுத்துகிறது, ஏன் என்று தெரியவில்லை. பயத்தில் இருக்கிற மனம் ஏதாவது ஒரு சில்லறை விஷயத்தைப் பிடித்துக்கொள்ளும், என் மனம் பிடித்துக்கொள்வது எப்போதும் எண்களைத்தான், அது என் தொழில். நான் உலகநாதன், முத்திரை ஆய்வாளர். கடைத் தராசுகளைச் சோதித்து முத்திரை வைப்பது, முத்திரை இல்லாத தராசுக்கு வழக்குப் போடுவது, எடைக்கல்லின் அடியைத் திருப்பிப் பார்ப்பது. கடைக்காரர்கள் என்னைக் கண்டால் டீ சொல்வார்கள், குடிக்க மாட்டேன், அதனால் என்னை யாருக்கும் பிடிக்காது. நேற்று டாக்டர் கிரேஸ்லின் என் உத்தியோகத்தைக் கேட்டுவிட்டு, "அப்போ நாம ரெண்டு பேரும் ஒரே தொழில்தான் சார். பெரியவங்களுக்கு மருந்து கொஞ்சம் முன்னப்பின்ன இருந்தாலும் உடம்பு தாங்கிக்கிடும். பிள்ளைங்களுக்கு எல்லாமே கிலோ கணக்கு. மயக்க மருந்து கிலோவுக்கு இவ்வளவு, வலி மருந்து கிலோவுக்கு இவ்வளவு, சலைன்கூட கிலோவுக்கு இவ்வளவுதான். அதிலும் இவளை மாதிரி ராத்திரி மூச்சு நிக்கிற பிள்ளைக்கு வலி மருந்து கொஞ்சம் கூடிட்டாலும் மூச்சு மந்தமாயிரும். அதான் கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுப் பாப்போம்" என்றார். எனக்கு உள்ளூரப் பெருமையாக இருந்தது. மகளின் மூச்சு நிற்பதைப் பற்றி ஒருவர் பேசுகிறார், நானோ என் துறைக்குக் கிடைத்த மரியாதையை நினைத்து நிமிர்ந்து உட்காருகிறேன், மனிதன் எவ்வளவு அற்பமான பொருளால் செய்யப்பட்டிருக்கிறான். அப்புறம் வார்டில் ஷகிலா சிஸ்டர் வந்தார். எடை மெஷினைத் தள்ளிக்கொண்டு வந்தார். செம்பா அதைக் கண்டதும் ஊசி போடுகிற மெஷின் என்று முடிவுகட்டி அலறினாள், ஏற மாட்டேன் என்று பிரமுவின் சேலைக்குள் புகுந்துகொண்டாள். அலறினால் இருமல் வரும், இருமினால் மூச்சு இழுக்கும். "விடுங்க சிஸ்டர், பிள்ளைய அழ வைக்காதீங்க. பதினெட்டுக் கிலோ. போன வெள்ளிக்கிழமைதான் போட்டோம்" என்றான் நெல்லையப்பன். ஷகிலா என்னைப் பார்த்தார். "சரியா சார்?" நான் தலையாட்டினேன். "தராசு ஆபீசரே சொல்லிட்டாரு, பெறவு எதுக்கு மெஷினு" என்று சிரித்துக்கொண்டே மெஷினைத் திருப்பித் தள்ளிக்கொண்டு போய்விட்டார், அதன் ஒரு சக்கரம் கீச்சிட்டது, எண்ணெய் விட வேண்டும் என்று நினைத்தேன். அதைத்தான் நினைத்தேன். சக்கரத்தை.

தராசு எடையைக் காட்டும் என்பதும் ஒரு பிழையான நம்பிக்கைதான், ஆனால் இன்றைக்கு ஒரு திருத்தம் போதும். இரட்டைத் தட்டுத் தராசு எடையைக் காட்டுவதில்லை, ஒப்பிடுகிறது, அவ்வளவுதான். இந்தப் பக்கம் இருப்பதும் அந்தப் பக்கம் இருப்பதும் சமம் என்கிறது, அதுவும் முள் நேராக நிற்கும்போது மட்டும். முள் நேராக நிற்காதபோது அது சொல்வது ஒன்றே ஒன்று, இது கூட, அது குறைவு. எவ்வளவு கூட என்று அதற்குத் தெரியாது. இதைப் பயிற்சி வகுப்புகளில் புதிதாக வந்தவர்களுக்கு நானே சொல்லிக் கொடுத்திருக்கிறேன், கொட்டாவி விட்டுக்கொண்டு கேட்பார்கள். பிரமு கொலுசைக் கை மாற்றுகிறாள். கோயிலில் அன்று செம்பாவுக்குக் கொலுசு போட்டிருந்தோம், பச்சைப் பாவாடை, தலை நிறையப் பிச்சிப்பூ. துலாபாரம் பிரமுவின் நேர்த்திக்கடன், ஆபரேஷன் நல்லபடியாக நடக்க வேண்டும் என்று முன்கூட்டியே கொடுத்துவிடுவது என்று ஏற்பாடு. வெல்லம் தாய்மாமன் செலவு, அது முறை. நெல்லையப்பன் மண்டியிலிருந்து மூட்டையாகக் கொண்டுவந்து இறக்கினான். அந்த மண்டித் தராசில் என் முத்திரை இருக்கிறது, பதினெட்டு என்றால் பதினெட்டுதான், ஒரு கிராம் பிசகாது. மேலே உத்தரத்திலிருந்து சங்கிலியில் தொங்கும் பெரிய தராசு, ஒரு தட்டில் செம்பா சம்மணம் போட்டுச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு ஊஞ்சல் என்று நினைத்துச் சிரித்தாள். மறு தட்டில் வெல்லம் ஏற ஏற அவள் தட்டு தரையை விட்டு எழும்பி, மெல்ல எழும்பி, முள் நேராக வந்து நின்றது. நான் பார்த்தேன். கண் தானாகப் பார்த்துவிடும், இருபது வருடப் பழக்கம். முள் நேராக நின்றது, ஒரு கணம், அப்போது மூட்டையில் இன்னும் வெல்லம் இருந்தது. குருக்கள், "தட்டு தாழணும், சாமிக்குச் சரிக்குச் சரி குடுக்கப்படாது" என்றார். நெல்லையப்பன் வேட்டியை மடித்துக் கட்டினான். "மருமகளுக்குக் கணக்கா பாப்பேன்? வைங்க சாமி, மூட்டைய அப்படியே கவுத்துங்க." வெல்லத் தட்டு டொம்மென்று தரையில் உட்கார்ந்தது, செம்பா மேலே போய்க் கைதட்டினாள், எல்லோரும் சிரித்தார்கள், நானும். தட்டு தரையைத் தொட்டுவிட்டால் தராசு வாயை மூடிக்கொள்ளும். அதற்குப் பிறகு மலையையே தூக்கி வைத்தாலும் அது எதுவும் சொல்லாது. பதினெட்டு என்பது வெல்லத்தின் எடை. பிள்ளையின் எடை இந்த உலகத்தில் யாருக்கும் தெரியாது.

யாருக்கும் தெரியாது, கதவுக்கு உள்ளே ஒருவர் அதைத் தெரியும் என்று நினைத்து மருந்தை ஊசியில் ஏற்றிக்கொண்டிருக்கிறார். இல்லை, பொறு, உலகநாதா, பொறு. மூட்டையில் எவ்வளவு மிச்சம் இருந்தது? கால்வாசியா? கைப்பிடிதானா? முள் நேரான பிறகு எத்தனை கட்டி விழுந்தது, கண்ணை மூடிப் பார்க்கிறேன், நெல்லையப்பனின் முதுகு மறைக்கிறது, எப்போதும் மறைக்கிற முதுகு. ஒரு கிலோவாக இருக்கலாம். ஒரு கிலோவுக்குப் போய்க் கதவைத் தட்டுவதா? நாலு கிலோவாகவும் இருக்கலாம். டாக்டருக்குக் கண் இருக்கிறது, பிள்ளையைப் பார்த்தால் தெரியாதா, தினம் எத்தனை பிள்ளைகளைப் பார்க்கிறார். ஆனால் பார்த்தால் தெரியும் என்று சொன்ன எத்தனை கடைக்காரர்களுக்கு நான் அபராதம் போட்டிருக்கிறேன், கண் பார்த்து நிறுத்துப் பழகினவன் சார் நான், கை சொல்லும் சார் என்பார்கள், கை ஒருநாளும் சரியாகச் சொன்னதில்லை. தட்டினால் என்ன ஆகும்? திருநெல்வேலியிலிருந்து செவ்வாய்க்கிழமை மட்டும் வருகிற சர்ஜன் உள்ளே கையுறை போட்டுக்கொண்டிருப்பார், யாருய்யா அது என்பார். தராசு ஆபீசர் தன் மகளின் எடையைத் தப்பாகச் சொல்லிவிட்டார் என்பார்கள். மண்டியில் சொல்லிச் சிரிப்பார்கள், ஒரு வருடத்துக்குப் போதும். சிரிக்கட்டும். சிரிப்பது ஒரு பக்கம், இன்னொரு பக்கம் என்ன, இன்னொரு பக்கத்தில் இருட்டில் எழுந்து உட்கார்ந்து ஒரு மூச்சுக்காகக் காத்திருப்பது, அது வராமலே, வேண்டாம், அந்தப் பக்கம் போகாதே. தலையாட்டியது எவ்வளவு சின்ன வேலை. கழுத்துக்கு ஒரு செலவும் இல்லை. நெல்லையப்பன் மட்டும் சொல்லியிருந்தால் ஷகிலா நம்பியிருக்க மாட்டார், எப்படியாவது மெஷினில் ஏற்றியிருப்பார், அம்மாவையும் பிள்ளையையும் சேர்த்து ஏற்றி அம்மாவைக் கழித்திருப்பார். நான் தலையாட்டியதால்தான் மெஷின் திரும்பிப் போனது, என் தலையில் அரசாங்க முத்திரை இருக்கிறதல்லவா. "அத்தான், ஏன் இப்படி வேர்க்குது ஒங்களுக்கு? ஃபேன் போடச் சொல்லட்டா?" நெல்லையப்பன். "மாப்ளே, வெல்லம் எவ்வளவு மிச்சம் இருந்துச்சு, முள்ளு நேரா நின்னப்போ?" "எந்த முள்ளு?" அவனுக்குத் தெரியாது. அவன் முள்ளைப் பார்க்கவே இல்லை, மருமகளைப் பார்த்துக்கொண்டிருந்தான், அவன் செய்ததுதான் சரி. அப்போது கதவுக்கு மேலே சிவப்பு விளக்கு எரிந்தது.

எழுந்ததும் நடந்ததும் நினைவில்லை, கதவில் கை இருந்தது. "என்னங்க, என்ன?" பிரமுவின் குரல். கதவு ஒரு சாண் திறந்தது, பச்சை உடையில் ஆயாம்மா. "இங்கெல்லாம் வரப்படாதுய்யா. தியேட்டரு. லைட்டு எரியுதுல்லா." "டாக்டரம்மாவைக் கூப்பிடுங்க. எடை தப்பு. பிள்ளையோட எடை தப்பு." "முடிஞ்சதும் வருவாவ. போய் உக்காருங்க." "முடிஞ்ச பெறகு எனக்கு எடை எதுக்கும்மா!" நான் கத்தினேன் போலிருக்கிறது, நெல்லையப்பன் என் தோளைப் பிடித்தான், "அத்தான், மெதுவா, ஆஸ்பத்திரி." ஆயாம்மா முகம் மாறியது, கதவு மூடிக்கொண்டது. பிரமு என்னையே பார்க்கிறாள். சொல்ல வேண்டும். "பதினெட்டு வெல்லத்தோடது, பிரமு. நம்ம பிள்ளையோடது இல்ல." அவளுக்கு உடனே புரிந்துவிட்டது, நான் எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரம். கொலுசு பிடித்த கையால் கதவை அவளும் தட்டினாள், அது இத்தனை நேரம் போடாத சத்தத்தையெல்லாம் போட்டது. விளக்கு எரிகிறது, ஆரம்பித்துவிட்டார்கள், கண்ணை மூடியிருப்பாள், சும்மா மூடிக்கொள்வதாக நினைத்து மூடியிருப்பாள். கதவு திறந்தது. டாக்டர் கிரேஸ்லின், முகமூடியைக் கீழே இழுத்துக்கொண்டு, நெற்றியில் கண்ணாடி. தலைமாட்டை விட்டு எழுந்திருக்க மாட்டேன் என்று சொன்னவர் இதோ வாசலில் நிற்கிறார், அப்படியென்றால் செம்பா இன்னும் விழித்திருக்கிறாள், அப்படியென்றால் மருந்து இன்னும் ஏறவில்லை. "லைட்டை ஆயாம்மா முன்னாடியே போட்டுருவாங்க சார், உள்ள நீங்க வந்துரக் கூடாதுன்னு. சொல்லுங்க." சொன்னேன். துலாபாரம், தட்டு, முள், மூட்டை, தலையாட்டியது, எல்லாவற்றையும், தேவையில்லாமல் மண்டித் தராசின் நம்பகத்தன்மையையும் சேர்த்து. அவர் சிரிக்கவில்லை. கோபப்படவும் இல்லை, அல்லது கோபம் என் மேல் இல்லை. "ரெண்டு ஊசியில மருந்து எடுத்து வச்சாச்சு. பதினெட்டுக்கு" என்றார், எனக்கல்ல, தனக்கே சொல்வதுபோல. "கையில வாங்குறப்போ லேசாத்தான் இருந்தா. மெலிஞ்ச பிள்ளைன்னு நெனச்சேன். நான் எடை போட்டுப் பாத்திருக்கணும்." உள்ளே திரும்பி, "ஷகிலா, எடுத்ததைக் கீழ ஊத்திருங்க. மெஷினைக் கொண்டுவாங்க. அம்மா வாங்க, நீங்க தூக்கிக்கிட்டு ஏறுங்க, அழ மாட்டா" என்றார். எங்கோ பின்னாலிருந்து சர்ஜனின் குரல், "என்ன கிரேஸ், லேட்டாகுது?" "ஆகட்டும் சார். எடை போடுறேன்." பிரமு செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே ஓடினாள்.

பதினான்கு கிலோ இருநூறு. ஷகிலா கதவிடுக்கில் தலையை நீட்டிச் சொன்னார், என் முகத்தைப் பார்க்காமல், நானும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. இரண்டு பேருக்கும் நேற்றைய சிரிப்பு நினைவில் இருந்தது. நெல்லையப்பன் விரலை மடக்கிக் கணக்குப் பார்த்தான், வாய் மெல்ல விரிந்தது. "அப்போ கிட்டத்தட்ட நாலு கிலோ சாமிக்குக் கூடவே குடுத்திருக்கேன்! கேட்டியளா அத்தான்?" என்றான். பிறகு அவனுக்கே என்ன சொல்கிறோம் என்று உறைத்தது போல, எழுந்து போய் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டான், அந்த முதுகு குலுங்குவதைப் பார்த்து நான் அவனிடம் போய் நின்றேன். வெல்லம் தந்ததில் என்ன தப்பு மாப்ளே, அது வெல்லம்தானே என்று சொல்ல நினைத்து, தோளைத் தொட்டேன். பிரமு வெளியே வந்துவிட்டாள், கையில் கொலுசு மட்டும், செம்பா தன்னிடமிருந்து போகும்போது அழவில்லை என்றாள், முகமூடியை வைத்து பலூன் ஊதச் சொன்னார்களாம், இரண்டாவது பலூனில் கை தளர்ந்துவிட்டதாம். தளர்ந்த கையைப் பிரமு பார்த்திருக்கிறாள். நான் பார்க்கவில்லை. இனிக் காத்திருப்பது மட்டும்தான், இந்தக் காத்திருப்பு எனக்குப் பழகினதுதான், இருட்டில் செய்ததை வெளிச்சத்தில் செய்கிறேன், ஒரே வித்தியாசம், இப்போது அவள் மூச்சை எனக்காக இன்னொருவர் கேட்டுக்கொண்டிருக்கிறார், தலைமாட்டில் உட்கார்ந்து, எழுந்திருக்காமல். ஒவ்வொரு மூச்சையும் எண்ணிப் பார்க்கிறாரா, அல்லது எனக்குக் கண் தானாகப் போவதுபோல அவருக்குக் காது தானாகப் போகுமா, வெளியே வந்தால் கேட்க வேண்டும், இதெல்லாம் கேட்கிற கேள்வியா. எவ்வளவு நேரம் ஆயிற்று என்று பார்க்கக் கூடாது. பார்த்தேன். நெல்லையப்பன் மூன்று டீ வாங்கிவந்தான், நான் ஒன்றை வாங்கிக் குடித்தேன், பிரமு என்னை ஆச்சரியமாகப் பார்த்தாள். கதவு திறந்தபோது தள்ளுவண்டியில் செம்பா ஒருக்களித்துக் கிடந்தாள், உதட்டோரம் கொஞ்சம் ரத்தக் கோடு, மூக்கில் பிளாஸ்டிக் குழாய். டாக்டர் கிரேஸ்லின் அவள் பெயரைச் சொல்லித் தோளில் தட்டினார். இமை அசைந்தது. மறுபடி தட்டினார். செம்பா ஒரு கண்ணைத் திறந்து எங்கள் மூன்று பேரையும் பார்த்து, கரகரவென்ற ஒரு குரலில், யாரைச் சொன்னாளோ தெரியவில்லை, "போ" என்றாள். பிரமு அழுதாள். அன்றிரவு லாரி வரவில்லை. இரண்டு பேரும் அப்போதும் எழுந்துதான் உட்கார்ந்திருந்தோம்.

அடுத்த செவ்வாய்க்கிழமை முதல் அந்த ஆஸ்பத்திரியில், பிள்ளைகளுக்கான ஆபரேஷன்கள் எடை மெஷினுக்காகக் கால் மணி நேரம் தாமதமாகத் தொடங்குகின்றன.